வரைபடம் தொலைந்த நினைவகம்

பென் டிரைவைக் கையாளாத மாணவர் இன்று அரிது. அதற்குள் இருப்பது 'ஃபிளாஷ்' நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்த கண்டுபிடிப்பு இது. இத்தகைய சில்லுகளைப் பெருமளவில் அடுக்கி, நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் பெரிய சேமிப்பு இயந்திரங்கள் செய்கிறார்கள். அப்படிப்பட்ட இயந்திரத்தின் உற்பத்தி நின்றுபோய், பிறகு அது பழுதுபட்டால் உள்ளே இருக்கும் தகவல் என்னாகும்? விடையில் பாதி பௌதிகத்தில் இருக்கிறது. மறு பாதி மனிதரின் மனப்போக்கில் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் பௌதிகம். ஃபிளாஷ் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. மின்கடத்தாப் பொருளைச் சுவராகக் கொண்ட அந்த அறைகளில் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்துகிறோம். சிறைப்பட்ட மின்னூட்டத்தின் அளவுதான் தகவல். ஆனால் இச்சிறையின் சுவர் முழுமையானதன்று; எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசிகின்றன. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். பலமுறை அழித்து எழுதினால் சுவரே நைந்துபோகும். நிறுவனங்களுக்கான ஃபிளாஷ் வட்டு, தன் எழுத்தாயுள் தீர்ந்த நிலையில், மின்சாரமின்றி 40 டிகிரி செல்சியஸில் 3 மாதம் தகவலைக் காத்தால் போதும் என்பது 'ஜெடெக்' அமைப்பின் தரவிதி. தேயாத சில்லு இதைவிட நெடுநாள் தாங்கும். ஆயினும் காலம் நம் பக்கம் இல்லை.

'சில்லைக் கழற்றி நேராகப் படித்துவிடலாமே?' என்று கேட்பீர்கள். படிக்கலாம், பொருள் விளங்காது! ஃபிளாஷில் எழுதிய இடத்தின் மீதே மறுபடி எழுத இயலாது. ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பின்னரே எழுத வேண்டும். ஒரே இடம் தேய்ந்துவிடாதிருக்க, கட்டுப்பாட்டுக் கருவி தகவலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. எது எங்கே இருக்கிறது என்ற வரைபடம் அதனிடம் மட்டுமே உண்டு. பெரிய இயந்திரங்களிலோ தகவல் துண்டு துண்டாகப் பல சில்லுகளில் பரவிக் கிடக்கும். பக்க எண் இல்லாத ஆயிரம் புத்தகங்களைக் கிழித்துக் கலந்தது போன்ற நிலை அது.

ஓர் உண்மை நிகழ்ச்சி. அமெரிக்காவின் இஎம்சி நிறுவனம் 2016 பிப்ரவரியில் 'டிஎஸ்எஸ்டி டி5' என்ற அதிவேகச் சேமிப்பு இயந்திரத்தை வெளியிட்டது. அதில் வழக்கமான வட்டுகள் இல்லை. தனியே வடிவமைத்த 36 ஃபிளாஷ் பலகைகள் வரை பொருந்தும். கணிப்பொறியுடன் இணைக்கவும் தனி அட்டை வேண்டும். அதற்குள் டெல் நிறுவனத்துடன் இணைந்துவிட்ட இஎம்சி, 2017 மார்ச்சில் அவ்வியந்திரத்தைக் கைவிட்டது. அதன் ஆயுள் ஓராண்டுக்குச் சற்றே கூடுதல்!

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1966, 1967 ஆண்டுகளில் 'லூனார் ஆர்பிட்டர்' விண்கலங்கள் அனுப்பிய சந்திரப் படங்கள் காந்த நாடாக்களில் பதிவாயின. அவற்றைப் படிக்கும் ஆம்பெக்ஸ் கருவிகள் வழக்கொழிந்தன. நாசாவில் பணியாற்றிய நான்சி எவான்ஸ் அக்கருவிகளைத் தம் வீட்டில் பல்லாண்டு காத்தார். அவற்றைப் பழுதுபார்த்து, 2008-இல் முதல் படத்தை மீட்டார்கள். நாடாவோடு அதைப் படிக்கும் வழியும் பிழைத்திருந்ததே இதற்குக் காரணம்.

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒரு சேமிப்பு இயந்திரத்தைக் கைவிடும் நிறுவனம், தகவலை அது அடுக்கிய முறையை வெளியிட வேண்டும். 'அது எங்கள் தொழில் இரகசியம்' என்பார்கள். விற்கும்வரை இரகசியமாக இருக்கட்டும். விற்பனையும் பராமரிப்பும் நின்றபின் அதனால் யாருக்கு இலாபம்? காப்புரிமைச் சட்டம் கண்டுபிடிப்பாளருக்கு 20 ஆண்டு உரிமை தருகிறது. பதிலுக்கு விவரத்தை உலகறியச் சொல்லச் சொல்கிறது. அந்த நியாயம் இங்கும் பொருந்தும். 'வாடிக்கையாளரின் அந்தரங்கம் வெளியாகுமே' என்ற அச்சமும் சரியன்று. அடுக்கும் முறை வேறு, மறைக்குறியீட்டின் சாவி வேறு. சாவி உரியவரிடமே இருக்கும்.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனையைக் கேட்க வேண்டும். இயந்திரம் ஓடும்போதே பொதுவான வடிவில் வேறிடத்தில் படி எடுத்து வைக்க வேண்டும்.

மாணவர்களே, நாளை நீங்களும் கருவிகளை வடிவமைப்பீர்கள். உங்கள் கருவி நின்றபின்பும் அதில் எழுதியதைப் பிறர் படிக்க வழி வையுங்கள். சிறைப்பட்ட எலெக்ட்ரான் கசிவது இயற்கை விதி. அதை முற்றிலும் தடுக்க நம்மால் ஆகாது. வரைபடத்தைப் பூட்டி வைப்பது மனிதர் செய்த விதி; அதை மாற்ற நம்மால் ஆகும்.