எல்லா நாயும் தாண்ட வேண்டுமா?

1978ஆம் ஆண்டு லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையை நிரப்பவே தடை தாண்டும் விளையாட்டு நடத்திக் காட்டப்பட்டது. இன்று அது பல நாடுகளில் பரவியுள்ளது. ஆட்டு மந்தையை வளைத்து ஓட்டிப் பழகிய பார்டர் கோலி அதில் சிறந்து விளங்குவதில் வியப்பில்லை. ஆனால் டேக்ஸ்ஹண்டையும் தாண்டச் செய்வது முறையன்று என்பதே என் கருத்து.

வளைக்குள் புகுந்து வேட்டையாடவே ஜெர்மானியர் இதனை வளர்த்தனர். குட்டைக் கால், நீண்ட முதுகு. முதுகெலும்பின் இடைத்தட்டு எளிதில் பிதுங்கும். பின்னங்கால்கள் முடங்குவதும் உண்டு. "சிறிய நாய்களுக்குத் தடையைத் தாழ்த்துகிறார்களே!" என்பர். தாழ்த்தினாலும் குதிப்பும் திடீர்த் திருப்பமும் முதுகையே வருத்தும்.

எசமானர் அழைத்தால் அது மறுக்காமல் தாண்டும். மறுக்கத் தெரியாத உயிருக்காக நாமே மறுக்க வேண்டும். மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டும் இருக்கிறதே. அதில் அது வெல்லட்டும்!