சாயம் பூசும் கைகள்

நரையை மறைக்கும் சாயம் ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் ஒப்பனைப் பொருளாக இருந்தது. இன்று அது தெருமுனை மளிகைக் கடையிலும் சிறு பொட்டலமாகத் தொங்குகிறது. வாங்குபவர் பார்ப்பது நிறத்தையும் விலையையும் மட்டுமே. அதிலுள்ள வேதிப்பொருள் மரபணுவைச் சிதைக்குமா என்று அவர் கேட்டாலும் கடைக்காரரால் விடை கூற இயலாது.

அந்த விடையைத் தேட எளிய வழி ஒன்றை அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் வகுத்தார். ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைத் தானே உருவாக்கிக்கொள்ள இயலாத சால்மொனெல்லா பாக்டீரியாவுடன் சோதனைக்குரிய பொருளைச் சேர்ப்பார்கள். அப்பொருள் மரபணுப் பிறழ்வை உண்டாக்கினால், சில பாக்டீரியாக்கள் இழந்த திறனை மீண்டும் பெற்றுப் பெருகும். பெருகிய கூட்டங்களை எண்ணினால் போதும். இரண்டே நாள்களில் முடிவு தெரிந்துவிடும். 1975-இல் ஏம்ஸ் குழுவினர் இவ்வாறு சோதித்த 169 நிரந்தரச் சாயங்களில் 150 சாயங்கள் பிறழ்வை உண்டாக்கின.

பாக்டீரியாவில் பிறழ்வு நேர்ந்ததாலேயே மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்று கூறிவிட முடியாது. இச்சோதனை எச்சரிக்கையே தவிர, தீர்ப்பன்று. அதனால்தான் பாலூட்டிகளின் உயிரணுக்களில் குரோமோசோம் சிதைவைக் கண்டறியும் சோதனைகளும் தேவைப்படுகின்றன.

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதில் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டுகிறது. சொந்தத் தேவைக்குச் சாயம் பூசிக்கொள்வதைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை. ஆனால், முடிதிருத்துவோருக்கும் சிகை ஒப்பனையாளருக்கும் தொழில்வழி நேரும் பாதிப்பை, புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பிரிவில் அது சேர்த்துள்ளது. பூசிக்கொள்பவருக்கு மாதம் ஒருமுறை. பூசிவிடுபவருக்கு நாள்தோறும் பலமுறை.

பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். லாபம் தயாரிப்பாளருக்கு, இளமைத் தோற்றம் வாடிக்கையாளருக்கு, இடர் தொழிலாளிக்கு. நம் நாட்டுச் சாயப் பொட்டலங்களில் உள்ள எச்சரிக்கை, தோல் எரிச்சல் குறித்தும், இமையிலும் புருவத்திலும் பூசக் கூடாது என்பது குறித்தும் பேசுகிறது. மரபணுவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து வரும் நோய்க்கு எந்தப் பொட்டலம் காரணம் என்று எந்தத் தொழிலாளியால் மெய்ப்பிக்க முடியும்? ஆகவே, மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவரையே சார வேண்டும். அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டுச் சட்டம், எச்சரிக்கை வாசகம் இருந்தால் போதும் என்று நிலக்கரித் தார்ச் சாயங்களுக்கு விலக்களித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2003-இல் தொடங்கி, ஒவ்வொரு சாயப் பொருளுக்கும் பாதுகாப்பு ஆவணம் கேட்டது. ஆவணம் தரப்படாத 22 பொருள்களை 2006-இல் தடை செய்தது. பின்பற்றத்தக்கது இரண்டாவது வழியே.

அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது. அது நல்ல முடிவு. அதனாலேயே ஆய்வுக்கூடச் சோதனைகளின் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. ஒவ்வொரு சாயப் பொருளின் மரபணுச் சோதனை முடிவும் பொதுவெளியில் கிடைக்க வேண்டும். அதுவரை, சாயம் பூசும் கைகளுக்குத் தரமான கையுறையும், அக்கடைகளுக்குக் காற்றோட்டமும் உறுதி செய்யப்பட வேண்டும். சோதனைக்கு ஆகும் செலவைத் தயாரிப்பாளர் தவிர்த்தால், அதைத் தொழிலாளி தன் உடலால் செலுத்த நேரிடும்.