பறவைக்கு வர்த்தமானி, எங்களுக்குப் பற்றை

மார்கழி பிறந்தால் எங்கள் பக்கத்துக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று, சுண்டிக்குளத்துக்கு வருகிற பூநாரைகள். மற்றது, கனடாவிலும் சுவிஸிலும் இருந்து வருகிற எங்கள் சொந்தக்காரர். பூநாரைகளால் எனக்கு இதுவரை ஒரு கரைச்சலும் இல்லை. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றுக்கொன்று காட்டுகிற வேலை இருக்கிறதே, கரைச்சல் எல்லாம் அதில்தான்.

புதுக்குடியிருப்பில் வந்து நிற்பவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவது? வற்றாப்பளை அம்மனைக் கும்பிடலாம். முல்லைத்தீவுக் கடலில் கால் நனைக்கலாம். முள்ளிவாய்க்காலில் போய் நின்று அழலாம். அதெல்லாம் முடிந்த பிறகு பிள்ளைகள் "ஃபிளமிங்கோ எங்கே?" என்று தொடங்குவார்கள். போனில் படம் பார்த்து வைத்திருப்பார்கள். டொல்பின் வான் ஒன்றைப் பிடித்து, உடையார்கட்டு, விசுவமடு தாண்டி, தருமபுரத்தில் வடக்கே திரும்புவோம். பேந்து புழுதி. பேந்து உவர்வெளி.

வடிவு என்றால் அப்படி ஒரு வடிவு, அதை மறைக்கக்கூடாது. முழங்காலளவு நீரில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகை அரிதட்டாக்கி நீரை வடித்து வடித்துத் தின்னும். போனமுறை கூட வந்த பெரியம்மா அதைப் பார்த்து "முருகா" என்றா. அதற்கடுத்த வசனம், "பிள்ளை, இஞ்சை ஒதுங்க இடமொண்டும் இல்லையோ?"

பெரியம்மா எழுபது தாண்டியவ, சலரோகக்காரி. நாங்கள் நின்ற பக்கத்தில் மலசலகூடம் இல்லை. நிழலுக்கு ஒரு கொட்டில் இல்லை, குப்பை போட ஒரு வாளி இல்லை, எந்த இடத்தோடு வாகனத்தை நிறுத்த வேண்டும் என்று காட்ட ஒரு கம்புகூட இல்லை. இருந்தது ஒரு பெயர்ப்பலகை. மூன்று மொழியில், என்னென்ன செய்யக்கூடாது என்று.

கடைசியில் கைகொடுத்தது ஒரு கடற்றொழிலாளி வீடு. தகரக் கதவைத் திறந்துவிட்டு, அந்த வீட்டுத் தங்கச்சி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. அங்கே கிணற்று நீர் உவர். நல்ல தண்ணீர் பவுசரில் வந்தால்தான். வெட்கத்தோடு நன்றி சொன்னேன். "சனி ஞாயிறு எண்டால் ஆக்கள் வந்துகொண்டே இருப்பினம் அக்கா. வயசான ஆக்கள், சின்னப் பிள்ளையள், இல்லையெண்டு சொல்ல மனம் வராது. தண்ணிதான் காணாது" என்றா. அவவின் மனிசன் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். பூங்காவின் எல்லைக்கல் போட்ட இடத்துக்கு அங்காலே வலை வீசினால் வழக்கு என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்களாம். எனக்கு விசர் பிடித்தது அந்த இடத்தில்தான். ஒரு தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்களின் மலசலகூடம், அந்தப் பூங்காவுக்குள் கால் வைக்கப் பயப்படுகிற மனிசனின் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது!

சுண்டிக்குளம் இன்று நேற்று அறிவித்த இடமா? 1938இலேயே பறவைகள் சரணாலயம். 2015 ஜூனில் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 19,565 ஹெக்டயர். அதே காலத்தில் நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் பக்கமும் அந்தப் பெயர் வந்தது. சரணாலயம் என்றால் ஊருக்கும் தொழிலுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். தேசியப் பூங்கா என்றால் சட்டம் இறுகும். பார்க்கப் போகலாம், அனுமதியோடு. ஆக, அந்தப் பெயரை வைத்ததே சனம் வந்து பார்க்கட்டும் என்றுதான். வா என்று கூப்பிட்ட பிறகு ஒதுங்க இடம் வைக்காத கலியாண வீட்டை யாரும் கண்டதுண்டா?

இதைச் சொன்னால் படித்த ஆட்கள் சிலர் எனக்கு வகுப்பெடுக்கிறார்கள். "வசதி செய்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பறவை போய்விடும். யாலவைப் பாருங்கோ." பார்க்கிறோம். அங்கே ஒரு சிறுத்தைக்கு முன்னால் ஜீப்புகள் வரிசை கட்டி முட்டுப்படுவது ஊரறிந்த கதை. அந்தச் சீரழிவு இங்கே வேண்டாம் என்பதில் எனக்கும் மறுபேச்சில்லை. ஆனால் கூட்டம்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே. நாங்கள் நிற்கும்போதே ஒரு பிக்கப் தண்ணீர் விளிம்பு வரை ஓடிப்போய் நின்றது. பாட்டு அலறியது. ஒரு பொடியன் ட்ரோனை ஏற்றினான். அவ்வளவுதான், முழுக் கூட்டமும் எழும்பியது. "வாவ்" என்று கத்திப் படம் எடுத்தார்கள். பூநாரை சும்மா எழும்பாது. நீரின் மேல் ஓடி ஓடித்தான் அந்த உடம்பைத் தூக்கும். தின்று சேர்த்த பலத்தை ஒரு காணொளிக்காகச் செலவழிக்கிறது. பிக்கப் போன பிறகு கிடந்தவை லஞ்ச் சீற், பியர் ரின், ஷொப்பிங் பை. வசதி செய்யாததால் பறவைக்குக் கிடைத்த பாதுகாப்பு இதுதான்.

நான் கேட்பது ஹோட்டல் இல்லை. தண்ணீரிலிருந்து தள்ளி ஒரு தரிப்பிடம். அதற்கு அங்காலே வாகனம் போகாமல் ஒரு தடுப்பு. அங்கேயே மலசலகூடமும் தண்ணீர்த் தாங்கியும். கரையில் பனையோலைத் தட்டி கட்டி, அதில் துளை வைத்தால் ஆளுக்கும் நிழல், பறவைக்கும் மறைப்பு. ஹோட்டன் சமவெளி வாசலில் பையைத் திறக்க வைத்து, பொலித்தீனைக் கழற்றி வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். ஒரு மேசையும் ஒரு ஆளும், அவ்வளவுதான். அங்கே முடிந்தது இங்கே முடியாது என்றால், இங்கே காற்று வேறா?

தமிழ்நாட்டில் வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏரிக்கட்டில் மனிசர், தண்ணீருக்குள் நிற்கிற மரத்தில் பறவை, பார்க்க ஒரு கோபுரம். ஊர்ச்சனம் தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்தாது. பறவையின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1798இலேயே அந்த ஊரவர்கள் கலெக்டரிடம் எழுத்து வாங்கி வைத்தார்கள், இங்கே பறவையைச் சுடக்கூடாது என்று. ஊரைத் துரத்திப் பறவையைக் காத்த இடமில்லை அது.

எங்களிடமோ பெயர்ப்பலகை வந்தாலே சனத்துக்கு நெஞ்சு இடிக்கிறது. பின்னாலேயே எல்லைக்கல் வரும் என்ற பயம். முல்லைத்தீவு நந்திக்கடல் களப்பை 2017இல் இயற்கை ஒதுக்கம் ஆக்கினார்கள். இறால் பிடித்துச் சீவித்த சனம் இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் கொதிக்கிறது. போருக்குள் ஊரை விட்டு ஓடி, திரும்பி வந்து பார்த்தால் காணியில் பற்றை வளர்ந்திருந்தது. பற்றை வளர்ந்த காணியைக் காடு என்று வரைபடத்தில் கீறியிருந்தார்கள். இந்த அனுபவம் உள்ளவனிடம் போய் "பறவையைக் காப்பாற்று" என்றால் அவன் என்ன நினைப்பான்? அந்த வலைக்காரரை வாசலில் வழிகாட்டியாக நிறுத்தி, அந்தத் தங்கச்சிக்கு ஒரு தேநீர்க் கடை போடவிட்டால், பிக்கப்பைத் தண்ணீருக்குள் விட யாருக்கும் துணிவு வராது. அவர்களுக்குத்தான் எந்த மாதம் எந்தத் துறையில் பறவை நிற்கும் என்று தெரியும். கனகராயன் ஆற்றில் வெள்ளம் வந்தால் களப்பு எப்படி மாறும் என்றும் தெரியும். தெற்கே புந்தலவில் நீர்ப்பாசன நன்னீர் வடிந்து உப்புக் குறைந்த பிறகு பூநாரை அருகிப்போனது. இதைக் கொழும்பில் இருந்து கண்டுபிடிக்க ஆண்டுகள் எடுக்கும். வலைக்காரனுக்கு நாக்கில் தண்ணீரை வைத்தால் போதும்.

சும்மா புறுபுறுக்கக்கூடாது என்று ஒரு கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தேன். "அது பாதுகாக்கப்பட்ட இடம், கட்டிடம் கட்ட ஏலாது" என்றார்கள். இன்னொரு கந்தோரில், "அது எங்கட எல்லைக்குள்ளே வராது." மூன்றாவது இடத்தில் ஒரு ஐயா பொறுமையாகக் கேட்டார். "நல்ல யோசினை அம்மா, எழுத்தில தாங்கோ. சிங்களத்திலயும் ஒரு பிரதி வைச்சால் கெதியாப் பார்ப்பினம்." எழுதி, மொழிபெயர்ப்பித்து, பதிவுத்தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்றுகூட ஒரு வரி வரவில்லை.

மார்கழிக்குப் பெரியம்மாவின் மகள் குடும்பத்தோடு வருகிறாளாம். பிள்ளைகள் இப்போதே ஃபிளமிங்கோ கேட்கிறார்களாம். இந்த முறை வானில் இரண்டு கான் நல்ல தண்ணீர் ஏற்றிப்போய் முதலில் அந்தத் தங்கச்சி வீட்டில் இறக்க வேண்டும்.