சந்தேகம் தீர்ப்பாகிவிடக் கூடாது

‘திருவிளையாடல்’ படத்தைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் மட்டாஞ்சேரியில் இருக்க முடியாது. 1965இல் வெளிவந்த அந்தப் படத்தில், தருமி தான் எழுதாத பாட்டைத் தன் பாட்டென்று பாண்டியன் அவையில் படிக்கிறார். நக்கீரர் எழுந்து, இதை எழுதியவர் யார், இதன் கருத்து என்ன என்று கேட்கிறார். நாகேஷ் படும் பாட்டைப் பார்த்து நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். ஆனால் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை ஒன்று அந்த இடத்தில் நின்றால் சிரிப்பு வருமா? அதுவும் தன் கையாலேயே எழுதிய பிள்ளை நின்றால்?

பிறர் எழுதியதை எடுத்துத் தன் பெயரில் கொடுப்பது எழுத்துத் திருட்டு. இது ஏதோ பிஎச்.டி. படிப்பவர்கள் விவகாரம் என்று நாம் ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது. கேரளத்தில் 2024-25 கல்வியாண்டில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியிருக்கிறது. இதில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வு செய்து எழுத வேண்டும். அசைன்மெண்ட், புராஜெக்ட் என்பவையோ முதல் ஆண்டிலிருந்தே உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கென்று விதிமுறைகளை வெளியிட்டது. ஆய்வேடு 10 சதவீதம் வரை பிற நூல்களோடு ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாகப் பெயர் சொல்லி எடுத்த மேற்கோள், நூற்பட்டியல், சட்ட வாசகங்கள் முதலியவை இந்தக் கணக்கில் சேரா. பொதுவாக எல்லோரும் அறிந்த செய்திகளிலும் தற்செயலாக ஒத்துப்போகும் இடங்களிலும், தொடர்ந்து 14 சொற்கள் வரை விலக்கு உண்டு. புகார் வந்தால் துறைக் குழு இயற்கை நீதி முறைப்படி விசாரிக்க வேண்டும்.

ஆனால் நம்மில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று இதில் உண்டு. அசைன்மெண்ட், புராஜெக்ட் அறிக்கை, கட்டுரை, விடைத்தாள் ஆகியவை இந்த விதிமுறைகளுக்குள் வரமாட்டா. பிஎச்.டி. மாணவருக்குக் குழு உண்டு, விசாரணை உண்டு. பி.காம். படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எதிரே இருப்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர் மட்டுமே. அவருடைய நிதானம்தான் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம். மூன்றாவதாகக் கற்ற மொழியில் எழுதும்போது ஒரு பத்தி நன்றாகவும் அடுத்த பத்தி தடுமாறியும் வருவது இயல்பு. நன்றாக வந்த பத்தியே சந்தேகத்துக்கு இடமாகிவிடுகிறது. இதைக் கம்ப்யூட்டரிடம் கேட்டாலும் நியாயம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை அவற்றிடம் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை மனிதர் எழுதியதல்ல என்று அவை தவறாகச் சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட இத்தகைய கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. இயந்திரம் தரும் எண்ணை விசாரணையின் தொடக்கமாகக் கொள்ளலாம். அதையே தீர்ப்பாகக் கொள்வது அநியாயம்.

அப்படியானால் ஆசிரியர் என்ன செய்யலாம்? நக்கீரர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். கேட்ட இடம்தான் நமக்கு ஒத்துவராது. வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்காமல், மாணவரைத் தனியே உட்கார வைத்துக் கேட்கட்டும். எந்தப் புத்தகம் படித்தாய், குறிப்பெடுத்த நோட்டு எங்கே, இந்தப் பத்திக்கு என்ன பொருள் என்று கேட்டால், தானே எழுதிய பிள்ளை திக்கித் திணறியாவது சொல்லிவிடும். எழுதாத பிள்ளை பத்து நிமிடத்தில் அகப்பட்டுக்கொள்ளும். எங்கிருந்து எடுத்தது என்று தெரிந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

அடுத்தது, தெரியாமல் செய்ததா, ஏமாற்றச் செய்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை கைடில் இருப்பதை வரி பிசகாமல் எழுதினால் முழு மார்க் கொடுத்தோம். கல்லூரிக்கு வந்ததும் அதுவே குற்றம் என்கிறோம். மேற்கோள் காட்டும் முறையை யாரும் சொல்லிக்கொடுக்காத பிள்ளைக்கு அதைக் கற்பித்து, மீண்டும் எழுதச் சொல்வதே முறை. கடையில் காசு கொடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட புராஜெக்டை வாங்கி வந்தவருக்கு மார்க் இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். அதைக் கண்டும் காணாமல் விட்டால், இரவெல்லாம் கண்விழித்து எழுதிய பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கு அல்லவா துரோகம்?

கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு. 2020 ஜூனில், மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரி ஒன்றில் தேர்வெழுதிய மாணவி மேல் காப்பியடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. அதன்பின் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றச்சாட்டு எழுந்த பிறகும் அவரை அரை மணி நேரத்துக்கு மேல் தேர்வறையிலேயே உட்கார வைத்தது தவறு என்று பல்கலைக்கழகக் குழு கண்டது. அது தேர்வு விவகாரம், இது கட்டுரை விவகாரம் என்றாலும் பாடம் ஒன்றுதான். குற்றம் செய்தாரா இல்லையா என்பது நிதானமாக முடிவாகட்டும். அதுவரை அந்தப் பிள்ளை தனியாக விடப்படக் கூடாது.

பெற்றோராகிய நமக்கும் பங்கு உண்டு. கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் அங்கே போய்ச் சத்தம் போடுவதும், வீட்டில் பிள்ளையை அடிப்பதும் ஒன்றுக்கும் உதவாது. முதலில் பிள்ளை சொல்வதைக் கேட்போம். கிறுக்கி எழுதிய தாளைக்கூடப் பட்டம் வாங்கும்வரை பத்திரமாக வைக்கச் சொல்வோம். நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்கள் பலர் இருக்கிறார்கள். கல்லூரி திறக்கும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கோள் காட்டுவது எப்படி, குறிப்பெடுப்பது எப்படி என்று நம் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தால் பேருதவியாக இருக்கும். செயற்குழு இதை ஆலோசிக்க வேண்டுமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.