தோஸ்தா, பொலிரோ பிக்கப்பா? தவணையைப் பார்க்கும் முன் நடையை எண்ணுங்கள்



2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அன்றிலிருந்து பயிற்சிக்கு எந்த ஊருக்குப் போனாலும் பயிரைப் பற்றிய கேள்விகளுக்கு நடுவே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது: "சார், வண்டி விலை இறங்கிடுச்சே, இப்ப ஒண்ணு எடுத்துடலாமா? தோஸ்த் எடுக்கலாமா, பொலிரோ பிக்கப் எடுக்கலாமா?"

விலை இறங்கியது உண்மைதான். ஆனால் எந்த வண்டி என்று கேட்பதற்கு முன், வருடத்துக்கு எத்தனை நடை, நடைக்கு எத்தனை பெட்டி என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் அதில்தான் இருக்கிறது.

வரி குறைப்பால் எவ்வளவு மிச்சம்?

பழைய வரியோடு ஷோரூம் விலை 10 லட்சம் ரூபாயாக இருந்த வண்டியின் விலை, புதிய வரியில் 9,21,875 ரூபாய் ஆக வேண்டும். மிச்சம் 78,125 ரூபாய். "10 சதவீதம் குறைந்தது" என்று சொன்னாலும், நீங்கள் கொடுக்கும் விலையில் குறைவது 8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான். விற்பனையாளரிடம் பழைய, புதிய விலைப் பட்டியல் இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய வண்டி வாங்குபவர்களும் பேரம் பேசலாம். புதிய வண்டி விலை இறங்கிய பிறகு, பழைய வண்டிக்கு முன்பு சொன்ன விலையையே சொல்வது நியாயமில்லை.

இரண்டு வண்டிக்கும் என்ன வித்தியாசம்?

அசோக் லேலண்ட் தோஸ்த் பிளஸ் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்டது. ஏற்றக்கூடிய பாரம் சுமார் 1.5 டன். மஹிந்திரா பொலிரோ பிக்கப் 1.7 மாடல் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்டது. பாரம் 1.7 டன்.

இதைத் தக்காளிக் கணக்கில் பாருங்கள். ஒட்டன்சத்திரம், உடுமலை பக்கம் 14 கிலோ பெட்டிக் கணக்கு. காலிப் பெட்டியின் எடை ஒன்றரைக் கிலோ என்று சேர்த்தால் பெட்டிக்கு 15.5 கிலோ. தோஸ்தில் 96 பெட்டி, பொலிரோவில் 109 பெட்டி. வித்தியாசம் 13 பெட்டி. இந்த 13 பெட்டிக்காகத்தான் கூடுதல் விலை, கூடுதல் டீசல் எல்லாம்.

நடைக் கணக்கு

தோட்டத்திலிருந்து மார்க்கெட் 35 கிலோமீட்டர், போக வர 70 என்று வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 93 ரூபாய். பாரத்தோடு கிராமத்துச் சாலையில் தோஸ்த் 14, பொலிரோ 12 கிலோமீட்டர் மைலேஜ். கடன் 7 லட்சம், 8 லட்சம். வட்டி 10 சதவீதம், ஐந்து வருடம். வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள். இவை என் அனுமானங்கள். உங்கள் ஊரில் வண்டி வைத்திருப்பவரிடம் கேட்டு எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோஸ்த்: தவணை வருடத்துக்கு 1,78,500 ரூபாய், இன்சூரன்ஸ் 30,000 ரூபாய். ஆக, வண்டி நின்றாலும் ஓடினாலும் 2,08,500 ரூபாய் செலவு. ஓடும்போது டீசல், சர்வீஸ், டயர் சேர்த்து நடைக்குச் சுமார் 673 ரூபாய்.

பொலிரோ: தவணை 2,04,000 ரூபாய், இன்சூரன்ஸ் 32,000 ரூபாய், மொத்தம் 2,36,000. ஓடும்போது நடைக்குச் சுமார் 793 ரூபாய்.

வருடம் 120 நடை போனால், தோஸ்தில் நடைக்கு 2,410 ரூபாய், பொலிரோவில் 2,759 ரூபாய். 250 நடை போனால், தோஸ்தில் 1,507, பொலிரோவில் 1,737.

இதே தூரத்துக்கு உங்கள் ஊரில் வாடகை 1,800 ரூபாய் என்றால், தோஸ்த் வாங்கியவர் வருடம் 185 நடையாவது போக வேண்டும். பொலிரோ வாங்கியவர் 234 நடை போக வேண்டும். அதற்குக் கீழே என்றால் வாடகை வண்டியே லாபம். முன்பணத்தை இதில் சேர்க்கவில்லை. ஐந்து வருடம் கழித்து வண்டிக்குக் கிடைக்கும் விலையையும் சேர்க்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று ஏறக்குறைய ஈடாகிவிடும்.

இப்போது பெட்டிக் கணக்கு. 250 நடையிலும் முழுப் பாரம் ஏற்றினால் தோஸ்தில் பெட்டிக்கு 15.70 ரூபாய், பொலிரோவில் 15.93 ரூபாய். கிட்டத்தட்ட சமம். ஆனால் சராசரியாக 70 பெட்டிதான் என்றால் தோஸ்தில் 21.50, பொலிரோவில் 24.80. வருடத்துக்கு 57,000 ரூபாய் வித்தியாசம். அறுப்பு உச்சத்தில் இருக்கும் முப்பது நாளை மனதில் வைத்துப் பெரிய வண்டி வாங்கினால், மீதி நாளெல்லாம் அந்தச் செலவைச் சுமக்க வேண்டியிருக்கும். உச்ச நாட்களில் இரண்டாவது நடை போகலாம், அல்லது ஒரு வாடகை வண்டி பிடிக்கலாம்.

எப்போது பெரிய வண்டி சரி?

தோட்டம் மலையடிவாரத்தில் இருந்து தினமும் ஏற்றம் ஏற வேண்டியிருந்தால், பெரிய எஞ்சின் திணறாமல் இழுக்கும். வெங்காயம், வாழைத்தார், தேங்காய் என்று வருடம் முழுவதும் ஒன்றரை டன்னுக்கு மேல் பாரம் உள்ளவர்களுக்கும், பக்கத்துத் தோட்டத்துச் சரக்கையும் சேர்த்து ஏற்றுபவர்களுக்கும் பொலிரோதான் பொருத்தம்.

வாங்கும் முன் உங்கள் வண்டிப்பாதையில், உங்கள் பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். பெட்டி தூக்கும் பெண்கள் கை எட்டும் உயரத்தில் தளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல சர்வீஸ் சென்டர் எது அருகில் இருக்கிறது என்பதும் முக்கியம். அறுப்பு நேரத்தில் வண்டி இரண்டு நாள் நின்றால் நட்டம் தக்காளியில்தான் தெரியும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி பொருத்தப்பட்டிருந்தால், இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு அது அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி, பொதுவாக ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் தீவனம் கொண்டுவர மட்டும் என்றால் இந்த வண்டிகள் வேண்டாம்.

சட்டத்தில் நான்கு விஷயங்கள்

முதலாவது, பெர்மிட். மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை. தோஸ்த் பிளஸ் இதற்குள் வருகிறது, பொலிரோ 1.7 வராது. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, லைசென்ஸ். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வாகனத்தை ஓட்ட இலகுரக வாகன லைசென்ஸே போதும். இரண்டு வண்டிக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, அதிக பாரம். அபராதம் 20,000 ரூபாய்; கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. ஒரே ஒரு முறை பிடிபட்டாலும் பல நடை லாபம் போய்விடும்.

நான்காவது, ஆள் ஏற்றுவது. அறுப்புக்கு வரும் கூலி ஆட்களைப் பின்னால் ஏற்றிச் செல்வது நம் ஊர்களில் சாதாரணம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் மறுக்க வழி உண்டு. இழப்பீடு உங்கள் தலையில் விழும். நிலத்தை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரலாம். அதைவிட ஒரு உயிர் பெரிது. ஆட்களுக்குத் தனி வாகனம் வையுங்கள்.

என்ன செய்யலாம்?

போன வருடத்துக் கமிஷன் கடைச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். எத்தனை நாள் சரக்கு போனது, நாளுக்கு எத்தனை பெட்டி என்று எண்ணுங்கள். 180 நடைக்குக் கீழ் என்றால் வாடகை வண்டி, அல்லது இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி. அதற்கு மேல் போய், சராசரி 90 பெட்டிக்குள் என்றால் தோஸ்த் போன்ற வண்டி. நடையும் அதிகம், பாரமும் எப்போதும் நிறைவு, பாதையும் ஏற்றம் என்றால் பொலிரோ. வரி குறைப்பு நாளைக்கே போய்விடாது. ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு ஷோரூமுக்குப் போங்கள்.