கலண்டரில் கீறி வையுங்கள்

பலெர்மோவில் எம்மவர் அநேகம் வீட்டு வேலைதான் செய்கிறோம். சிலர் தோடம்பழம், முந்திரிகைத் தோட்டங்களுக்கும் போகிறோம். ஊரில் சொந்தக் கமம் செய்தவருக்கு இங்கே கூலிக்குக் கொத்துவது மனதுக்குக் கஷ்டம்தான்.

இந்த மண்ணின் கூலியாட்களும் பட்டவர்களே. 1956 பெப்ரவரியில், பக்கத்துப் பார்த்தினிக்கோவில் வேலையற்றவர்கள் தனிலோ தோல்ச்சியுடன் சேர்ந்து பழுதான பாதையொன்றைத் தாங்களாகவே திருத்தப் போனார்கள். அதற்குப் பெயர் 'தலைகீழ் வேலைநிறுத்தம்'. வேலை எல்லோருக்கும் உரிமை என்கிறது இத்தாலிய அரசியலமைப்பின் 4ஆம் பிரிவு. பொலிஸ் வந்து தோல்ச்சியைப் பிடித்தது. வேலை செய்ததற்கு மறியல்!

இன்று சங்கதி வேறு. ஆள்பிடிக்கும் 'கப்பொராலே' எங்கள் இல்லாமையைப் பாவித்துச் சுரண்டினால், 2016ஆம் ஆண்டின் 199ஆம் இலக்கச் சட்டம் அவரோடு முதலாளியையும் தண்டிக்கும்.

தோட்ட வேலையில்லாக் காலத்துக்கு 'இன்ப்ஸ்' காசு தருகிறது. அதற்கு அந்த வருடமும் முந்திய வருடமும் சேர்த்து 102 நாள் பதிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் அடுத்த வருடம் மார்ச் 31க்குள். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் முதுகு முறிய உழைத்தும் பாதி நாள் பதிவில் இல்லை. காசும் இல்லை.

ஒவ்வொரு நாளையும் கலண்டரில் கீறுங்கள். சம்பளத் துண்டு வந்ததும் பிள்ளைகளைக் கொண்டு வாசித்து, நாட்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.