பாஸ்

யாழ்ப்பாணத்தில் ஒரு தகப்பன் "மோன் பாஸ்" என்று சொன்னால் மேலே கேட்கத் தேவையில்லை. சோதினையில் தேறிவிட்டான். உயர்தரத்தில் மூன்று பாடமும் பாஸ் என்றால் கோயிலில் அருச்சனை, அயலுக்குக் கேக். பந்தடிக்கிற பெடியள் "பாஸ் குடடா" என்று கத்துவதும் இதே சொல்தான். கொழும்பில் தச்சரையும் மேசனையும் பாஸ் என்பார்கள். அது ஒல்லாந்தர் விட்டுப்போன வேறொரு சொல். எங்களூரில் தச்சர் ஓடாவியார்.

ஆங்கிலத்தில் கடப்பதும் பாஸ், கடக்கிற வழியும் பாஸ், கடக்கவிடும் துண்டும் பாஸ். இந்த மூன்றும் ஒரே வீதியில் வந்து கூடிய ஊர் எங்களுடையது.

ஆனையிறவை ஆங்கிலத்தில் எலிபன்ட் பாஸ் என்கிறார்கள். மலையும் கணவாயும் இல்லாத இடம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல்நீரேரி, நடுவில் ஒடுங்கிய தரை. வன்னியில் பிடித்த யானைகளை இந்த வழியால் குடாநாட்டுக்குள் ஓட்டிவந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஒல்லாந்தர் அங்கே ஒரு சிறு கோட்டை வைத்திருந்தார்கள். ஆனையிறவில் குந்தியிருப்பவன் கையில்தான் குடாநாட்டின் வாசல் என்பது எல்லா ஆட்சிக்கும் தெரிந்திருந்தது. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது அங்கே இராணுவ முகாம் இருந்தது. 1991 ஜூலையில் அதைச் சுற்றிப் பெரும் சமர் நடந்தது. சனத்துக்கு அதனூடாகப் போகும் ஏ9 வீதி இல்லாமற் போயிற்று.

வழியான பாஸ் மூடப்பட்ட அதே காலத்தில் துண்டான பாஸ் எங்கள் வாழ்வுக்குள் வந்தது. குடாநாடு புலிகளின் கையில் இருந்த ஆண்டுகளில் வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பிணைக்கு ஆள் காட்ட வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். இளம் பிள்ளைகளுக்கு அது இலகுவில் கிடைக்காது. பாஸ் கிடைத்தாலும் முன்னால் கிளாலிக் கடல். இராத்திரியில் வள்ளங்களில் கடந்தார்கள்; 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்தக் கடலில் கடற்படையால் கொல்லப்பட்டவர்களும் இப்படிப் பயணம் புறப்பட்ட சனம்தான். அக்கரையேறி வவுனியாவுக்குப் போனால் அங்கே இராணுவம் தருகிற பாஸ். இத்தனை நாள் தங்கலாம், இன்ன இடத்துக்குப் போகலாம் என்று அதிலும் எழுதியிருக்கும்.

சண்டை பிடித்த இரண்டு தரப்பும் ஒரே சொல்லைத்தான் பாவித்தன. சொந்த நாட்டுக்குள் ஒரு மனிதன் அசைவதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்று இரண்டு தரப்பும் எங்களுக்குப் பழக்கின. அது இரண்டு தரப்பிலும் அநியாயம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தகப்பன் கொழும்பில் செத்த செய்தி கிடைத்து, பாஸ் கிடைக்காமல், அந்தியேட்டிக்குத்தான் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் எங்களிடையே இருக்கிறார்கள்.

1996இல் குடாநாடு இராணுவத்தின் கைக்கு வந்தது. பயணம் காங்கேசன்துறைக் கப்பலுக்கு மாறியது. அதற்கும் அனுமதி. கடலுக்குப் போகிற தொழிலாளிக்கும் பாஸ். 2002இல் ஏ9 திறந்தபோது மூச்சு வந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை பூட்டுப்பட, பழையபடி வரிசை.

கிட்டடியில் பெரியம்மா வீட்டில் பழங்கதை போய்க்கொண்டிருந்தது. "பாஸ் எடுத்து, கொண்ணரைப் பிணை வைச்சிட்டுத்தானே வெளிக்கிட்டனாங்கள்" என்றா பெரியம்மா. உயர்தரம் படிக்கிற பேத்தி புத்தகத்தால் நிமிர்ந்து, "எந்தச் சோதினை அம்மம்மா?" என்று கேட்டாள். பெரியம்மா உள்ளங்கையை விரித்து, மற்றக் கையின் விரலால் அதில் கோடு கீறிக் காட்டினா: இதில பேர், இதில போற காரணம், இதில திரும்பி வாற திகதி, கீழ சீல். பிள்ளை கடைசிவரை ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டு நின்றாள்: "மாமாவை ஏன் பிணை வைச்சனீங்கள்?"

அந்தப் பிள்ளைக்குப் பாஸ் என்றால் சோதினை மட்டும்தான் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் மற்றப் பொருள் பெரியம்மாவோடு போய்விடக் கூடாது. 1842இல் மானிப்பாயில் அகராதி அச்சிட்ட மண் இது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்த அந்த நூலின் வழி வந்தவர்கள், எங்கள் வாயில் புழங்கிய இந்தச் சொல்லையும் அதன் பிணையோடும் சீலோடும் எழுதிவைக்க வேண்டும். பழைய பெட்டிகளில், நிலப்பத்திரங்களுக்கு நடுவில், இயக்கப் பாஸ், ஆமிப் பாஸ், கப்பல் துண்டு ஏதாவது கிடந்தால் எரித்துவிடாதீர்கள். நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் கொடுத்தால் ஸ்கேன் செய்து வைப்பார்கள். பிணை நின்றவரின் பெயர் பின்பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.